களிமண்ணும் வண்ணமும்
(யூபிலி விழாக் கலைநிகழ்ச்சியின்போது ஓவிய வகுப்பு மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்த யூபிலி விழாவில் படித்தவர்கள் பலர் பேசியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். ஆறு ஆண்டுகள் ஓர் ஓவிய வகுப்பில் உட்கார்ந்து வண்ணம் தீட்டவும் களிமண்ணில் உருவம் செய்யவும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கலவையிலிருந்து ஆற்காட்டுக்குப் பஸ் ஏறிப் போய்ப் படித்த வகுப்பு அது. முதல் நாள் ஊர்ப் பெயரைக் கேட்டதுமே மற்ற பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "கலவைக்காரிக்கு வண்ணக் கலவை சொல்லித் தரவேண்டுமா?" என்று கேலி. ஆறு ஆண்டும் அந்தப் பெயர் என்னை விடவில்லை.

எங்கள் ஆசிரியரை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். வண்ணப் பெட்டியோடு ஆசையாகப் போன எங்களை அவர் ஆறு வாரங்கள் தூரிகையையே தொடவிடவில்லை. ஆளுக்கு ஒரு உருண்டை களிமண்ணைக் கொடுத்தார். "முதலில் கத்திரிக்காய் செய்யுங்கள். பிறகு அதை வரையலாம்" என்றார். எங்களுக்கு ஏமாற்றம். வீட்டிலோ, "மண்ணில் விளையாடவா பஸ்ஸுக்குக் காசு கொடுக்கிறோம்?" என்று அம்மா கேட்டார்கள். நியாயமான கேள்வி. பதில் எனக்குப் பின்னால்தான் கிடைத்தது.

நாம் மண்ணுக்குப் புதியவர்கள் அல்லர். நம் சுற்றுவட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோவில்களில் பாரதம் நடக்கும்போது படுகளத்தன்று துரியோதனனை மண்ணில் செய்து கிடத்துவதைப் பார்க்காதவர் இந்தக் கூட்டத்தில் இருக்கமாட்டீர்கள். மதம் எதுவானாலும், வேடிக்கை பார்க்க நாம் எல்லோரும் போனவர்கள்தாம். திறந்த வெளியில் மண்ணைக் கொட்டி, நீர் தெளித்து, மிதித்து, ஐம்பது அடிக்கு மேலும் நீளும் ஓர் உருவத்தை மல்லாக்கப் படுக்க வைக்கிறார்கள். மார்பு எவ்வளவு உயரம், வயிறு எவ்வளவு தாழ்வு, முட்டி எங்கே மடங்குகிறது என்பதற்கெல்லாம் அவர்களிடம் வரைபடம் கிடையாது. காலாலும் மண்வெட்டியாலும் அளக்கிறார்கள். பிறகு வண்ணப் பொடிகளைத் தூவிக் கண், மீசை, மகுடம், மாலை எல்லாம் தீட்டுகிறார்கள். தொடையில் செந்நீர்ப் பானையைப் புதைத்து வைப்பார்கள்; பீமன் வேடக்காரர் வந்து அடிக்கும்போது அது உடையும். சிறுவயதில் நான் பார்த்த மிகப் பெரிய சிற்பமும் அதுதான், மிகப் பெரிய ஓவியமும் அதுதான். இரண்டும் ஒரே பொருளாக அங்கே கிடந்தன. அது ஒரு பகல் வேலை. மறுநாள் வெறும் மண்மேடு. ஆனால் அதைச் செய்கிறவர்களை ஓவியர் என்றோ சிற்பி என்றோ நம் ஊரில் யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

இனி வகுப்புக்கு வருகிறேன். களிமண் என்றால் ஏரியில் வெட்டி எடுத்து அப்படியே பிசைவது அல்ல. நன்றாகக் காயவைத்து, உடைத்து, ஊறவைத்து, கல்லும் வேரும் போக வடிகட்டி, மறுபடி தண்ணீர் சுண்டவைத்து, பிறகுதான் பிசைய வேண்டும். இதை எங்களுக்குக் கற்றுத் தந்தவர் ஐயா அல்லர்; ஒரு குயவர் தாத்தா. ஐயா அவரை வகுப்புக்கே அழைத்து வந்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். தாத்தா நாற்காலியைத் தள்ளிவிட்டுத் தரையில்தான் உட்கார்ந்தார். பதம் பார்க்க அவர் ஒரு வழி சொன்னார்: மண்ணை விரல் கனத்துக்கு உருட்டி, மற்றொரு விரலைச் சுற்றி மோதிரம் போல வளைத்துப் பார். வெடித்தால் மணல் கூடுதல். கையோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தண்ணீர் கூடுதல். வெடிக்காமலும் ஒட்டாமலும் நின்றால் அதுதான் பதம். பெரிய உருவமானால் கொஞ்சம் மணலும் உமியும் சேர்ப்பார். காயும்போது இழுத்துப் பிளக்காமல் இருக்க. மண் காய்ந்து சுடுபட்டு வரும்போது பத்தில் ஒரு பங்கு வரைகூடச் சுருங்கும். ஆகவே, ஒரு சாண் உயரம் வேண்டுமென்றால் ஒரு சாணுக்குக் கொஞ்சம் மேலே செய்ய வேண்டும்.

உருவத்தோடு கையையோ தலையையோ ஒட்டும்போது, ஈரமாக இருக்கிறதே என்று அப்படியே அழுத்திவிட்டால் காய்ந்ததும் விழுந்துவிடும். இரண்டு பக்கமும் பழைய சீப்பின் பல்லால் கீறி, நடுவில் குழம்பாகக் கரைத்த அதே மண்ணைத் தடவி, பிறகு அழுத்தித் தேய்க்க வேண்டும். கனமான உருவத்தை உள்ளே குடைந்து, அடியில் ஒரு துளையும் விட வேண்டும். நிழலில் நாள்கணக்காகக் காயவைக்க வேண்டும். காரணம் தண்ணீர்தான். ஒரு சொட்டுத் தண்ணீர் நீராவியானால் ஆயிரத்து அறுநூறு மடங்கு இடம் கேட்கும். மண்ணுக்குள் அகப்பட்ட ஈரம் சூளையில் வெளியே வர வழியில்லாமல் போனால், படார் என்று உருவமே சிதறும். எங்கள் வகுப்பின் முதல் சூளையில் இருபதுக்கு மேற்பட்ட பொம்மைகள் வைத்தோம்; முழுதாக வந்தவை ஒன்பது. பிள்ளைகள் அழுதார்கள். தாத்தா மட்டும் உடைந்த ஓடுகளைப் பொறுக்கி, உடைந்த விளிம்பை எங்களுக்குக் காட்டினார். வெளியே சிவப்பு, நடுவில் கருப்பு. "நெருப்பு எதுவரை போயிருக்கிறது பார்" என்றார். அந்த ஓடுகளையும் அவர் எறியவில்லை. இடித்துப் பொடியாக்கி அடுத்த மண்ணில் சேர்த்தார். அதுவும் உமியைப் போல வெடிப்பைத் தடுக்குமாம்.

சூளையைப் பற்றி ஒரு வார்த்தை. வறட்டியும் வைக்கோலும் அடுக்கிச் சுடுகிற நாட்டுச் சூளை எழுநூறு எண்ணூறு டிகிரி வரை போகிறது. ஐந்நூறு டிகிரியைத் தாண்டும்போதுதான் மண்ணோடு வேதிப்பிணைப்பில் கட்டுண்ட நீர் வெளியேறுகிறது. அதற்குப் பிறகு அதை எத்தனை நாள் ஊறவைத்தாலும் திரும்பக் களிமண்ணாகாது. பச்சை மண் என்றும் சுட்ட மண் என்றும் நாம் சாதாரணமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இவ்வளவு இருக்கிறது.

ஏழாவது வாரம் கத்திரிக்காய் வரைந்தோம். நம் வேலூர்ப் பக்கத்து இலவம்பாடி முள் கத்திரிக்காயை ஐயா சந்தையில் தேடி வாங்கி வந்து மேசையில் வைத்தார். 2023ஆம் ஆண்டு அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். அன்றைக்குத்தான் அம்மா கேட்ட கேள்விக்குப் பதில் தெரிந்தது. காம்பின் முள் விரலில் குத்திய இடமும், காய் பக்கவாட்டில் உருண்டு திரும்பும் இடமும் என் விரல்களுக்கு முன்பே தெரிந்திருந்தன. கண்ணுக்குத் தெரியாத பின்பக்கத்தையும் ஏற்கெனவே செய்து பார்த்திருக்கிறோம். அதனால் வெளிச்சம் எங்கே குறைய வேண்டும் என்பதை ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. காலண்டர் படத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகிய பிள்ளைகளுக்கு இந்த இடம் சிரமமாகவே இருந்தது. காலண்டர் படத்துக்கு முதுகு கிடையாதே!

வண்ணத்தில் ஐயா விதித்த முதல் சட்டம், நிழலுக்குக் கருப்பைத் தொடக்கூடாது. கத்திரிக்காயின் நிழலை நீலமும் பழுப்பும் கலந்து எடுக்க வைத்தார். நீர்வண்ணத்தில் வெள்ளையும் தொடக்கூடாது; தாளின் வெள்ளையையே பளபளப்புக்காக விட்டுவைக்க வேண்டும். ஆகவே முதலில் வெளிரிய பூச்சு, காய்ந்தபின் அடுத்தது, அதற்குமேல் கருமையானது. தைல வண்ணத்தில் இது பெரும்பாலும் தலைகீழ். கருமையில் தொடங்கி வெளிச்சத்துக்கு வருவார்கள். களிமண்ணில் கூட்டவும் முடியும், குறைக்கவும் முடியும். நீர்வண்ணத்தில் போட்டதை எடுக்க முடியாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டு குணங்களையும் ஒரே ஆண்டில் பழகியதால் எங்களுக்குத் துணிச்சலும் வந்தது, பொறுமையும் வந்தது.

எனக்கு மற்றோர் ஆசிரியர் வீட்டிலேயே இருந்தார். என் அப்பா தோல் ஷாப்பில் சாயப் பிரிவில் வேலை செய்கிறவர். வெளிநாட்டுக்காரர் அனுப்பிய சாம்பிள் தோலை ஒரு கையிலும், தாம் சாயமேற்றிய தோலை மறு கையிலும் வைத்துக்கொண்டு, குழல்விளக்கின் கீழ் ஒரு தடவை, வாசலுக்கு வந்து வெயிலில் ஒரு தடவை பார்ப்பாராம். விளக்கில் ஒன்றாய்த் தெரிந்த இரண்டு பழுப்புகள் வெயிலில் வெவ்வேறாகிவிடும். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். நான் வீட்டுக்குக் கொண்டுவந்த ஓவியங்களையும் அப்பா அப்படித்தான் பார்த்தார். முதலில் திண்ணைக்கு எடுத்துப் போவார். "வெயிலில் இந்த ஊதா செத்துப் போகிறதே, பார்" என்பார். எந்த ஓவியப் புத்தகத்திலும் படிக்காத மனிதர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை எங்கும் இப்படிப்பட்ட கண்கள் எத்தனையோ இருக்கின்றன. நாம் அவற்றைக் கூலிக் கணக்கில் மட்டுமே எழுதி வைத்திருக்கிறோம்.

தோல் என்று வந்துவிட்டதால், வண்ணத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்தில் நம் பகுதியில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்டார்கள். பிறகு குரோமியம் வந்தது. குரோமியம் ஏற்றிய தோல் இளநீலமாக இருக்கும். தொழிலில் அதற்கு 'வெட் புளூ' என்றே பெயர். அதே உலோகம் வேறு நிலையில் நல்ல மஞ்சளைத் தரும். 1797இல் வொக்கெலான் என்ற பிரெஞ்சு இரசாயன அறிஞர் அதைக் கண்டுபிடித்தபோது, கிரேக்க மொழியில் வண்ணம் என்று பொருள்படும் பெயரையே அதற்குச் சூட்டினார்கள். ஓவியர்கள் ஒரு நூற்றாண்டுக்கு மேல் போற்றிய குரோம் மஞ்சள் அதிலிருந்து வந்தது. அதில் ஈயமும் சேர்ந்திருக்கிறது. இராணிப்பேட்டையில் 1995இல் மூடப்பட்ட ஒரு குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மட்டும் ஓர் இலட்சம் டன்னுக்கு மேல். அந்தப் பக்கத்தில் நிலத்தடி நீரே மஞ்சளாய் மாறிய கதை உங்களுக்குத் தெரியும். பாலாற்றங்கரை ஆலைகளின் கழிவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னதும் தெரியும். ஆகவே எங்கள் வகுப்பில் இரண்டு கண்டிப்புகள் இருந்தன. தூரிகையின் நுனியை வாயில் வைத்துக் கூராக்கக் கூடாது. ஆலைப் பக்கத்து மண்ணை எவ்வளவு வழுவழுப்பாக இருந்தாலும் எடுக்கக் கூடாது. மண் எங்கிருந்து வந்தது என்று சொல்லத் தெரியாத பிள்ளையைத் தாத்தா பிசையவே விடமாட்டார்.

இப்படி மண்ணையும் வண்ணத்தையும் சேர்த்துக் கற்பது எங்கள் ஐயாவின் புதுமை அல்ல. சென்னையில் 1850ஆம் ஆண்டு அலெக்சாண்டர் ஹண்டர் என்ற ஆங்கிலேய அரசாங்கத்து மருத்துவர் ஒரு கலைப்பள்ளி தொடங்கினார். அடுத்த ஆண்டே தொழிற்கலைகளும் சேர்ந்தன. படம் வரைகிற பிள்ளைகளுக்குப் பக்கத்திலேயே மண்பாண்டமும் செய்தார்கள். 1852இல் அரசாங்கம் அதை ஏற்றுக்கொண்டது. இன்று எழும்பூரில் அரசு கவின் கலைக் கல்லூரியாக இருப்பது அதுதான். 1929இல் அங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி ஓவியரும் சிற்பியுமாக இருந்தவர். மெரினாவில் நான்கு பேர் பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. 1959இல் திறக்கப்பட்ட அந்தச் சிலையை வெண்கலம் என்று நாம் பார்க்கிறோம். ஆனால் இப்படிப்பட்ட வெண்கல உருவங்கள் சிற்பியின் விரலில் முதலில் மண்ணாகத்தான் பிறக்கும். அவரிடம் ஓவியம் படிக்கப் போன எஸ். தனபால், பின்னாளில் தமிழ்நாட்டின் பெரிய சிற்பிகளில் ஒருவரானார். கிறிஸ்துவையும் சிற்பத்தில் வடித்தார். அதே கல்லூரிக்கு முதல்வராகவும் இருந்து 2000ஆம் ஆண்டு மறைந்தார்.

நம் மாவட்டத்துக்காரர் ஒருவரையும் சொல்லாமல் இருக்கமுடியாது. ஏ. பி. சந்தானராஜ் 1932இல் திருவண்ணாமலையில் பிறந்தார். அப்போது அது நமது வட ஆற்காடு மாவட்டம். 1989இல்தான் மாவட்டம் பிரிந்தது. இப்போது நாம் இராணிப்பேட்டை மாவட்டத்தார் ஆகிவிட்டோம், அது வேறு. சென்னைக் கலைப்பள்ளியில் படித்து, அங்கேயே ஆசிரியராகி, முதல்வராகவும் உயர்ந்து, 2009இல் காலமானார். அவருடைய கோடுகளைப் பற்றி ஓவியர்கள் இன்றும் பேசுகிறார்கள். திருவண்ணாமலையில் பிறந்த ஒரு பையனின் கை அந்த அளவுக்குப் போக முடிந்தது என்றால், நடுவில் யாரோ அவனைத் தொடர்ந்து வரையவிட்டிருக்கிறார்கள் என்றே நான் எண்ணுகிறேன்.

அந்தத் 'தொடர்ந்து வரையவிடுவது' இன்று எப்படி இருக்கிறது? நான் படித்த பள்ளியில் ஓவிய வகுப்பு கால அட்டவணையில் இருந்தது. ஆனால் அந்த மணி அடித்ததும் கணக்கு ஆசிரியர்தான் உள்ளே வருவார். பொதுத்தேர்வு இருக்கிறது, யாரைக் குறை சொல்வது? 2012ஆம் ஆண்டு தமிழக அரசுப் பள்ளிகளில் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். பிறகு தொகையைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினார்கள். நிரந்தரமாக்கக் கேட்டு அவர்கள் பல ஆண்டுகள் தெருவில் நின்றதைப் பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். 5,000 ரூபாயில் ஒரு குடும்பம் நடத்திக்கொண்டு, பிள்ளைகளுக்கு வண்ணமும் வாங்கிக் கொடுத்த ஓவிய ஆசிரியர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு மேடையில் யாராவது நன்றி சொல்ல வேண்டும். இந்த மேடையில் நான் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வகுப்பும் தப்பவில்லை. ஐயாவுக்கு வயதாகி, ஆற்காட்டு வகுப்பு நின்றுவிட்டது. தாத்தாவின் பிள்ளைகள் சக்கரத்தைத் தொடவில்லை. ஒருவர் காலணித் தொழிற்சாலையில், மற்றவர் சென்னையில். மண்ணுக்கும் சிரமம் இருந்தது. ஏரி மண்ணை எடுக்க அனுமதி வாங்குவது பெரிய அலைச்சல். 2024இல் விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளரும் வட்டாட்சியர் அனுமதியோடு கட்டணமின்றி எடுக்கலாம் என்று அரசு எளிதாக்கியது. தாத்தாவுக்கு அதனால் இலாபம் உண்டா என்று கேட்டேன். "மண் வருகிறது பாப்பா, மிதிக்கக் கால்தான் இல்லை" என்றார்.

அதனால்தான் சென்ற ஆண்டு முதல் நம் கோவில் வளாகத்தில் சனிக்கிழமைகளில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக்கொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் குடிலுக்குச் சுரூபங்களை வழக்கம்போல் கடையில் வாங்கினால் போதுமே, ஏன் இந்தச் சேறு என்று சிலர் கேட்டார்கள். கடைச் சுரூபங்கள் அழகானவை, நான் மறுக்கவில்லை. ஆனால் நம் பிள்ளைகள் செய்த இடையரைப் பாருங்கள்: தலையில் முண்டாசு, தோளில் துண்டு, கையில் தொரட்டி. நம் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கிறவர் அவர். ஆட்டுக்குக் காது தொங்குகிறது, ஏனென்றால் அவர்கள் பார்த்த ஆடு அப்படி. ஒட்டகத்தைத்தான் யாரும் நேரில் பார்த்ததில்லை. ஆகவே அது கொஞ்சம் மாடு போலவே இருக்கிறது. நான் திருத்தவில்லை.

பங்குத்தந்தை அவர்களிடமும் பங்குப் பேரவையாரிடமும் மூன்று விண்ணப்பங்கள். சனிக்கிழமை காலையில் மண்டபத்துப் பின் தாழ்வாரம் எங்களுக்கு வேண்டும். மண் ஊறவைக்க ஒரு தொட்டி வேண்டும். தாத்தாவுக்கு வந்துபோக ஆட்டோக் காசும், மரியாதையாக ஒரு தொகையும் வேண்டும். அவர் கேட்கமாட்டார், நாம்தான் கொடுக்க வேண்டும். வண்ணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். காவியும் செம்மண்ணும் சுண்ணாம்பும் கரியும் இருந்தால் முதல் ஆண்டை ஓட்டிவிடலாம். எந்த மதத்துப் பிள்ளையானாலும் வரட்டும். பழைய சீப்பு ஒன்றும் பழைய வேட்டித் துணி ஒன்றும் கொண்டு வந்தால் போதும்.

கூட்டம் முடிந்ததும் மண்டபத்தின் பின்பக்க மேசையில் பிள்ளைகளின் வேலைகள் இருக்கின்றன. அருகில் போய்க் கையில் எடுத்துப் பாருங்கள். தொட்டுப் பார்க்கத்தான் வைத்திருக்கிறோம். ஒட்டகத்தை மட்டும் எடுக்க வேண்டாம். அதன் கழுத்தை நேற்றுத்தான் ஒட்டினோம், இன்னும் காயவில்லை.